சட்டைப் பிழையும் சட்டப் பிழையும்

தொலைக்காட்சித் துப்பறியும் தொடரில் கொலைகாரன் சட்டை காட்சிக்குக் காட்சி நிறம் மாறினால் நாம் உடனே கண்டுபிடித்துவிடுகிறோம். கூர்மையான கண்கள்தாம்! ஆனால், காவல் நிலையத்திலே நாலு அறை விழுகிறது. "நான்தான் கொன்றேன்" என்று கதறுகிறான். வழக்கு முடிந்தது என்கிறார்களே, அந்தப் பிழை நம் கண்ணில் படுகிறதா?

காவலரிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றத்துக்குச் சான்றாகாது என்றது 1872 ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம். 2024 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டமும் அதையே சொல்கிறது. அடியா உண்மையைக் கொண்டுவரும்? 2020 இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்ட தந்தையும் மகனும் மாண்டார்களே! அதைத் தானே முன்வந்து விசாரித்தது, நம் ஒத்தக்கடை அருகே இருக்கும் உயர்நீதிமன்றக் கிளை.

திரையில் அடிக்குக் கைதட்டினால், தெருவில் அடிக்கு வாய் திறப்போமா? சட்டைப் பிழை பார்த்தது போதும், தோழர்களே! சட்டப் பிழையைப் பாருங்கள். பத்துப் பேருக்குச் சொல்லுங்கள்!