கைபேசிப் பெட்டியும் மண் இலச்சினையும்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதத்தில் எங்கள் கல்லூரியின் எல்லாத் துறைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. நான்கு பக்கம். ஆசிரியர்கள் வகுப்புக்குச் செல்லுமுன் துறை அலுவலகத்தில் உள்ள மரப்பெட்டியில் கைபேசியை வைத்துவிட்டுச் செல்ல வேண்டும். கணினியின் கடவுச்சொல்லை முப்பது நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சொந்தப் பென் டிரைவைக் கல்லூரிக் கணினியில் செருகக் கூடாது. கல்லூரி சார்ந்த எந்தத் தகவலையும் வெளியாருக்குத் தரக் கூடாது. இறுதியில் ஓர் உறுதிமொழி, கையொப்பமிட்டுத் திருப்பித் தர. நான் இட்டேன். எல்லாரும் இட்டார்கள். அன்று மாலைக்குள் அந்தச் சுற்றறிக்கையின் படம் வாட்ஸப்பில் ஏறி, மறுநாள் காலை பக்கத்து ஊர்க் கல்லூரியில் பணிபுரியும் நண்பரின் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. "உங்களுக்கும் பெட்டி வந்துவிட்டதா?" என்று கேட்டார்.

பெட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வகுப்பு தொடங்கிய பத்து நிமிடத்துக்குள் மாணவர் வருகையைக் கைபேசிச் செயலியில் பதிய வேண்டும் என்பது அதே அலுவலகம் ஆறு மாதத்துக்கு முன் இட்ட ஆணை. செயலியை நாங்கள் எங்கள் சொந்தக் கைபேசியில், எங்கள் சொந்தச் செலவில்தான் இயக்கி வந்தோம். பெட்டிக்குள் இருக்கும் கைபேசியில் வருகைப்பதிவு எப்படி ஏறும் என்று கேட்க ஆளில்லை. ஒரு வாரம் பெட்டி நிறைந்தது. இரண்டாவது வாரம் பழைய, பழுதான கைபேசிகள் அதில் கிடந்தன (வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்டவர்கள் யார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்). மூன்றாவது வாரம் பெட்டியில் சாக்பீஸ் வைத்தார்கள்.

கடவுச்சொல்லின் கதையும் இதுதான். மாதம் ஒருமுறை மாற்றச் சொன்னால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? மகளின் பெயரோடு மாதத்தின் எண்ணைச் சேர்ப்பார்கள். அதுவும் மறந்துபோகும் என்று ஒரு தாளில் எழுதி விசைப்பலகைக்கு அடியில் ஒட்டுவார்கள். அடிக்கடி மாற்றுவது, பெரிய எழுத்தும் எண்ணும் குறியும் கலப்பது ஆகிய பழக்கங்கள் உலகெங்கும் பரவியதில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் முன்பு வெளியிட்ட வழிகாட்டிக்குப் பெரும் பங்குண்டு. அதன் கடவுச்சொல் பகுதியை எழுதிய பில் பர், தாம் எழுதியவற்றில் பலவற்றுக்காக இப்போது வருந்துவதாக 2017இல் ஒரு நாளிதழிடம் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டில் வந்த புதிய வழிகாட்டி, கடவுச்சொல் களவுபோனதற்கான அறிகுறி இல்லாதவரை அதைக் குறிப்பிட்ட நாளுக்கொருமுறை மாற்றும்படி பயனரைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்றது. எழுதியவரே கைவிட்டதை நாம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம். நம் அலுவலகங்களில் இது புதிதல்ல.

இவற்றைக் கேலிக்காகச் சொல்லவில்லை. இரகசியம் காப்பது தேவையில்லை என்பதும் என் கட்சியல்ல. இந்த விதிகள் எதைக் காக்கின்றன என்று நான் கேட்க நேர்ந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. அதில் பிழை செய்தவன் நான்.

அதே ஆண்டு ஆகஸ்டில் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்த மாணவர்களின் பட்டியல் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்தது. இரண்டாமாண்டு வகுப்புக்கு நான் பொறுப்பாசிரியர். 'விடுபட்ட ஆவணங்களை நாளைக்குள் பெற்றுத் தரவும்' என்று ஒரு வரிக் குறிப்பு. மாலை ஆறு மணி. வீட்டுக்கு வந்திருந்தேன். பட்டியலை அப்படியே ஐம்பத்தெட்டு பேர் கொண்ட வகுப்பு வாட்ஸப் குழுவுக்கு அனுப்பிவிட்டுக் காபி குடிக்கப் போனேன். அதில் பெயர், பதிவெண் ஆகியவற்றோடு சாதி, பெற்றோரின் ஆண்டு வருமானம், வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் எல்லாம் பத்தி பத்தியாக இருந்தன. நான் பார்த்தது கடைசிப் பத்தியை மட்டும்: எந்த ஆவணம் விடுபட்டது என்பதை.

நான்கு நாள் கழித்து ஒரு மாணவன் துறைக்கு வந்து நின்றான். நகரத்தில் வகுப்புத் தோழர்கள் இருவரோடு அறை எடுத்துத் தங்கியிருந்தவன். "ஐயா, அந்த லிஸ்டை அழிக்க முடியுங்களா?" என்றான். அழிக்க முயன்றேன், எல்லாரிடமிருந்தும் அழிப்பதற்கான கெடு தாண்டிவிட்டது என்றது கைபேசி. அவன் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான். அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்பதை வேறொரு மாணவன் சொல்லித்தான் அறிந்தேன். வீட்டுக்காரருக்கு உறவான பையன் ஒருவன் அதே வகுப்பில் படித்தான். காரணம் என்று எதையும் வீட்டுக்காரர் சொல்லவில்லை. இவனும் என்னிடம் சொல்லவில்லை.

அன்றிரவு அந்த நான்கு பக்கச் சுற்றறிக்கையை எடுத்து மீண்டும் படித்தேன். அதில் ஒரு விதியைக்கூட நான் மீறவில்லை. வகுப்பு நேரத்தில் கைபேசியைத் தொடவில்லை. பென் டிரைவ் செருகவில்லை. கடவுச்சொல் அந்த மாதத்துக்குரியதாகவே இருந்தது. மாணவர்கள் வெளியார் அல்லர். நான்கு பக்கத்துக்கும் முழுக்கக் கட்டுப்பட்டு நடந்துகொண்டே ஒரு பையனின் தங்குமிடத்தைப் பறித்திருக்கிறேன்.

கேட்ட மறையை ஊருக்குச் சொல்பவரை அடிக்கப்படும் பறைக்கு ஒப்பிடுகிறது குறள். அதை வைத்திருப்பது கயமை அதிகாரத்தில். இரகசியம் வெளிப்படுவதைக் குணக்கேடாகப் பார்ப்பது நமக்குப் பழகிய பார்வை. சுற்றறிக்கைகளும் அப்படித்தான் பார்க்கின்றன. ஆகவேதான் உறுதிமொழி, கையொப்பம், எச்சரிக்கை. ஆனால் இன்று தகவல் கசிவதற்குக் கயவர் தேவையில்லை. நல்லெண்ணமும் கொஞ்சம் அவசரமும் இருந்தால் போதும்.

நான் பல ஆண்டுகளாகச் சிலப்பதிகாரம் நடத்துகிறவன். புறஞ்சேரி இறுத்த காதையில் மாதவியின் மடலோடு கோசிகன் வரும் பகுதியை, இந்த நிகழ்ச்சிக்குப் பின் வேறு கண்ணோடுதான் படிக்க முடிகிறது. துயரால் உருமாறி நிற்கும் கோவலனைக் கோசிகனுக்கு அடையாளம் தெரியவில்லை. ஐயத்தோடு மடலை நீட்டிவிடவில்லை அவன். அருகிலிருந்த குருக்கத்திப் பந்தரைப் பார்த்து, கோவலனைப் பிரிந்த மாதவியைப் போல நீயும் வாடினாயோ என்று பேசுகிறான். மாதவி என்பது அந்தக் கொடிக்கும் பெயர். கேட்டவன் திடுக்கிட்டு, நீ சொன்னதன் பொருள் என்ன என்று வினவிய பிறகே, இவன் கோவலன் என்று தெளிந்து மடலைத் தருகிறான். பெறுபவன் யாரென்று உறுதி செய்யாமல் பொருளைக் கைமாற்றாத இந்த எச்சரிக்கைக்குத்தான் இன்று நம் கைபேசிக்கு ஆறு இலக்க எண் வருகிறது.

மடலின் மேல் மண் இலச்சினை. அதில் ஒற்றப்பட்டிருப்பது மாதவியின் கூந்தல். கூந்தலின் நெய் மணத்தை நுகர்ந்து, அனுப்பியவள் அவளே என்று கோவலன் அறிகிறான். வேறெவராலும் போலி செய்ய முடியாத முத்திரை. வேண்டியவனுக்கு மட்டும் புரியும் முத்திரையும்கூட.

இதுவரை பாதுகாப்பில் ஒரு குறையுமில்லை. அடுத்து நடப்பதைத்தான் நான் வகுப்பில் கடந்து போய்க்கொண்டிருந்தேன். பெற்றோருக்குச் செய்யும் பணியையும் விட்டு, குலமகளோடு இரவில் ஊரைவிட்டுப் போகுமளவுக்குத் தான் செய்த பிழை என்ன என்று அறியாமல் தவிப்பதாக மாதவி எழுதியிருக்கிறாள். படித்த கோவலன் அவள்மேல் தீதில்லை என்று உணர்கிறான். உணர்ந்ததோடு நிற்கவில்லை. இந்த மடலின் பொருள் என் பெற்றோருக்கு நான் சொல்ல வேண்டியதற்கும் பொருந்துகிறது என்று சொல்லி, அதையே அவர்களிடம் காட்டும்படி கோசிகனிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். ஒருத்தி ஒருவனுக்கென்று கூந்தல் ஒற்றி அனுப்பிய கடிதம் அவனுடைய தாய் தந்தையர் கைக்குப் போகிறது. "மாதவிகிட்ட கேட்டாரா சார்?" என்றாள் சென்ற ஆண்டு ஒரு மாணவி. கேட்கவில்லை. காப்பியமும் அதைப் பற்றி நின்று பேசவில்லை.

கோவலனை நான் இதில் குற்றவாளியாக்க வரவில்லை. அவன் கடிதத்தைப் படித்தான், ஒவ்வொரு சொல்லும் யாருக்குப் பொருந்தும் என்று எண்ணினான், பிறகு அனுப்பினான். நான் பத்திகளைக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு காரியத்துக்கென்று பெற்ற தகவலை அந்தக் காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பதுதான் 2023 ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் மையக் கருத்துகளில் ஒன்று. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தது 2017இல். சட்டம் வர ஆறு ஆண்டு. அதன் விதிகள் வெளியானது 2025 நவம்பரில். அவ்விதிகளும் பெரும்பாலான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தந்தன. தகவலுக்குத் தக்க பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இச்சட்டம் இடமளிக்கிறது. அந்தத் தண்டம் தகவலைத் திரட்டி வைத்திருக்கும் நிறுவனத்தின் மேல் விழுவது. எங்கள் உறுதிமொழிப் படிவத்திலோ பொறுப்பு முழுவதும் கையொப்பமிட்டவருடையது. வருமானமும் சாதியும் ஆதார் எண்ணும் ஒரே தாளில் ஏன் இருக்க வேண்டும், ஆவணம் கேட்கும் ஆசிரியருக்கு அவற்றில் எது தேவை என்ற கேள்விகளை அலுவலகம் தன்னிடம் கேட்டுக்கொள்ளவே இல்லை.

'எந்தத் தகவலையும் வெளியாருக்குத் தரக் கூடாது' என்ற தொடரும் எனக்கு உறுத்துகிறது. ஒரு பிள்ளையின் சாதியும் விடுதி நிதியின் கணக்கும் ஒரே வகை இரகசியமா? 921ஆம் ஆண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர் என்கிறது. கணக்கு ஊருக்குரியது. எல்லாவற்றையும் இரகசியம் என்று எழுதிவைக்கும் இடத்தில் காக்க வேண்டியது கசியும், காட்ட வேண்டியது மறையும்.

கடுமையான விதியே தவறு என்று யாரும் என்னைப் படித்துவிட வேண்டாம். என் பழைய மாணவி ஒருத்தி சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையில் ஓர் அழைப்பு மையத்தில் இருக்கிறாள். வெளிநாட்டு வங்கியொன்றின் கடன் அட்டைக்காரர்கள் அவளிடம் பேசுவார்கள். பணித்தளத்துக்குள் கைபேசி மட்டுமல்ல, பேனாவும் துண்டுத்தாளும்கூடப் போக முடியாது. எல்லாம் வெளியே லாக்கரில். தமிழ் எம்.ஏ. படித்த பெண்ணுக்குப் பேனா இல்லாத வேலை. ஓரிரவு அவளுடைய அப்பா மயங்கி விழுந்தார். வீட்டிலிருந்து பதினோரு முறை அழைத்திருக்கிறார்கள். பணி முடிந்து அதிகாலை இரண்டரைக்கு லாக்கரைத் திறந்தபோதுதான் பார்த்தாள். (அவர் பிழைத்துக்கொண்டார்.) அவளுக்கு விதியின்மேல் கோபமில்லை. "கார்டு நம்பரெல்லாம் கண்ணு முன்னாடி ஓடுற இடம் சார், போன் கூடாதுன்னா சரிதான். ஆனா வீட்டுல குடுத்து வைக்க ஒரு லேண்ட்லைன் நம்பர் இருந்திருக்கலாம்" என்றாள். தடுக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு மாற்று வழி அமைக்கத் தோன்றவில்லை. அதற்கு ஆகும் செலவு ஒரு தொலைபேசி இணைப்பும், எடுத்துக் கேட்டு உள்ளே போய்ச் சொல்ல ஒரு மனிதரும்.

இந்த ஆண்டும் உதவித்தொகைப் பட்டியல் வந்தது. அதே பத்திகள். நான் அதைக் குழுவுக்கு அனுப்பவில்லை. ஆவணம் விடுபட்டவர்கள் பதினேழு பேர்; ஒவ்வொருவராகத் துறைக்கு அழைத்து, இன்ன தாள் வேண்டும் என்று வாயால் சொன்னேன். இரண்டு நாள் ஆயிற்று. தாமதத்துக்கு விளக்கம் கேட்டு அலுவலகத்திலிருந்து குறிப்பு வந்தது. விளக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதி, ஆசிரியர்களுக்கு அனுப்பும் பட்டியலில் சாதி, வருமானம், கணக்கு எண், ஆதார் எண் ஆகிய நான்கு பத்திகளையும் நீக்கித் தரும்படி அதிலேயே கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

அந்த மாணவன் இளங்கலையை முடித்துவிட்டான். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அன்று துறைக்கும் வந்து வணக்கம் சொன்னான். எங்கே தங்கியிருந்தாய் என்று நான் கேட்கவில்லை.