வீட்டு வேலையும் வேலைதான். அந்த வீடும் பணியிடம்தான்
பாலியல் துன்புறுத்தல் புகார்கள் குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

ஆனையூரில் வீட்டு வேலை பார்க்கும் பெண், விடிந்ததும் கிளம்பி மூன்று நான்கு வீடுகளில் வாசல் தெளித்து, பாத்திரம் துலக்கி, துணி துவைக்கிறார். அதில் ஒரு வீட்டில் யாரோ கையைப் பிடித்து இழுத்தால் அவர் எங்கே போய்ச் சொல்வது? சொல்லும் இடம் அவர் வார்டிலேயே இருக்க வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு.

இது சலுகை கேட்பதல்ல. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாகக் கொள்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடங்களுக்கும் வீட்டு வேலைக்கும் மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார் குழு உண்டு. நகரங்களில் வார்டு அல்லது நகராட்சி அளவில் ஒரு தொடர்பு அலுவலர் புகாரை வாங்கி, 7 நாட்களுக்குள் குழுவுக்கு அனுப்ப வேண்டும். ஆனையூர் 2011இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்துவிட்டதால், இங்கே வார்டுதான் சரியான அளவு.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதை மறக்கக் கூடாது. ராஜஸ்தானில் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதன் தொடர்ச்சியாகவே 1997இல் உச்ச நீதிமன்றம் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் விசாகா நெறிமுறைகளை வகுத்தது; இந்தச் சட்டத்துக்கு அடிப்படை அவைதான். மேசை நாற்காலி இல்லாத ஒரு தொழிலாளியின் வழக்கால் பிறந்த பாதுகாப்பு, மேசை நாற்காலி உள்ளவர்களோடு நின்றுவிடுவது நியாயமில்லை.

"வீட்டுக்குள் நடப்பதைத் தெருவுக்கு இழுப்பதா?" என்று கேட்பவர்கள் உண்டு. சம்பளம் கொடுத்து ஆள் வைத்த பிறகு அது வேலைத்தலம். புகார் சொன்ன மறுநாளே "நகையைக் காணோம்" என்று பழி போடுவதையும் நாங்கள் அறிவோம். திருட்டுப் புகாரைப் போலீஸ் விசாரிக்கட்டும். அதைக் காட்டிப் பெண்ணின் புகாரை வாபஸ் வாங்க வைக்கக் கூடாது.

எங்கள் கோரிக்கைகள்:

1. தொடர்பு அலுவலரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வார்டு அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் எழுதி வைக்க வேண்டும்.
2. எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொல்வதை அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும்.
3. புகார் தர 3 மாதக் கெடு உண்டு என்பதை 2007இல் அமைந்த வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதியும் ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும்.
4. சாட்சியாக விசாரிக்கப்படும் பெண்ணை அவர் வசிப்பிடத்திலேயே விசாரிக்க வேண்டும். காவல் நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது.

இவை நடக்கும்வரை புகார் தரப் போகும் பெண்ணோடு எங்கள் உறுப்பினர் ஒருவர் கூடவே போவார். புகார் தந்ததால் ஒரு வீட்டு வேலை போனால், வேறு வீடு தேடித் தருவதும் எங்கள் பொறுப்பு.