எழுத்தில் தங்காத தமிழ்

1916 டிசம்பர் 11ஆம் நாள், பெர்லினுக்கு அருகிலிருந்த போர்க்கைதிகள் முகாமொன்றில், மால் சிங் என்னும் பஞ்சாபிச் சிப்பாய் ஒலிப்பதிவுக் கருவியின் முன் நிறுத்தப்பட்டார். செருமானிய அறிஞர்கள் தேடியது அவர் மொழியின் ஒலிமாதிரியை. அவரோ, இந்தியாவில் வெண்ணெய் உண்டு வளர்ந்த ஒருவன் ஐரோப்பியப் போரில் சிக்கி ஊர் திரும்ப ஏங்குவதை, வேறு யாருடைய கதையோபோல் சொன்னார். ஒரு நிமிடத்தைச் சற்றே கடக்கும் அப்பதிவு ஹம்போல்ட் பல்கலைக்கழக ஒலிக்காப்பகத்தில் இன்றும் உள்ளது. கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவாய்வுக்காக எடுக்கப்பட்ட இசைத்தட்டுகள் பலவற்றில் ஒலிப்பதோ விவிலியத்தின் ஊதாரி மகன் கதை. மொழிகளை ஒப்பிட ஒரே பாடம் உதவும். பேசியவர் யார், எதற்கு ஏங்கினார் என்பதை அது சொல்லாது.

பெங்களூருத் தமிழர் கருத வேண்டிய வேறுபாடு இது. 1809இல் ஆங்கிலேயர் இங்கே படைமுகாம் அமைத்தது முதல் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். கன்னடமும் தெலுங்கும் உருதும் உரசி வளர்ந்த அவர்களின் பேச்சுத் தமிழுக்குப் பாடநூல் இல்லை. அதன் ஒலியை எழுத்தும் காக்காது. ‘கடல்’, ‘தங்கம்’, ‘அகம்’ ஆகிய மூன்றிலும் ககரம் வெவ்வேறாக ஒலிக்க, எழுத்து ஒன்றே. ‘மரம்’ என்பதன் ஈறு பேச்சில் மூக்கொலி உயிராகக் கரைவதையும் வரிவடிவம் காட்டாது. எழுத்துகள் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் நுணுக்கமாக விளக்குகிறது. ஆயினும் அக்காலக் குரல் ஒன்றேனும் நமக்குக் கேட்பதில்லை.

எல்லோர் கையிலும் கைபேசி இருக்கையில் குரல் எங்கே அழியும் என்று கேட்கலாம். பல திருமணக் காணொளிகளில் பாட்டி வாயசைக்கிறார், கேட்பதோ திரைப்பாடல். வாட்ஸ்அப் குரல்செய்திகள் கைபேசி மாறும்போது தொலைகின்றன. முறையாகப் பதிய அமர்ந்தாலும், ‘கலப்படத் தமிழ்’ என்ற ஏளனத்தைக் கேட்டுப் பழகிய முதியவர் உடனே செய்தி வாசிப்பவரின் தமிழுக்கு மாறிவிடுகிறார். இயல்பான பேச்சைத் தேடும் ஆய்வாளரின் இருப்பே அவ்வியல்பைக் கலைக்கும் என்று வில்லியம் லபோவ் கூறிய முரண் இதுவே.

ஆகவே, பெரியவர்களிடம் ‘ஏதாவது சொல்லுங்கள்’ என்பதில் பயனில்லை. அவர்களின் இசைவைப் பெற்று, கருவியைத் தள்ளி வைத்து, குழம்பு வைக்கும் முறையையும், பழைய தெருவையும், வீட்டுச் சண்டைகளையும் கேட்க வேண்டும். முதல் நாள் கூச்சம் இரண்டாம், மூன்றாம் அமர்வில் விலகும். பாடல் எதையும் மேலே ஒட்டாமல், பேசியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைக் குறித்து, இரண்டு இடங்களில் படியெடுத்து வைத்தால் போதும்.

அந்தத் தமிழ் இலக்கணத்துக்குப் பொருந்துகிறதா என்ற கேள்வியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பேசுகிறவர் இருக்கும்போதே செய்ய வேண்டியது பதிவு.