ரெய்டு போட்டா பேக்கப் ஆயிடாது மக்களே! (த்ரெட்)

1/ "வீட்டு சர்வர்ல ரெய்டு இருக்கு டாக்டர், டேட்டா பத்திரம்" என்பவர்களுக்கு: ஒரு டிஸ்க் செத்தால் ரெய்டு காப்பாற்றும். நீங்க தவறி அழிச்ச ஃபைலை எல்லா டிஸ்க்கிலும் சேர்த்தே அழிக்கும்.

2/ அதில் இருப்பது கல்யாண போட்டோ மட்டுமல்ல. அப்பாவோட பழைய ஈசிஜி கையில் இருந்தால்தான் இன்றைய மாற்றம் புதுசா பழசா என்று சொல்ல முடியும்.

3/ 2022 நவம்பர் 23, டெல்லி எய்ம்ஸ். ரேன்சம்வேர் 5 சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட்டைப் பூட்டியது. ஓபி, லேப் எல்லாம் பல நாள் பேப்பரில் ஓடின. இ-ஹாஸ்பிடல் டேட்டா மீண்டது, தாக்குதல் எட்டாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து. நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன பதில் இது.

4/ அந்த 'எட்டாத' தான் விஷயம். எக்ஸ்டர்னல் டிரைவ் எந்நேரமும் சொருகியே இருந்தால் அதுவும் பூட்டப்படும். காப்பி முடிஞ்சதும் கழட்டுங்க.

5/ "கம்ப்ரெஸ் பண்ணிட்டா சின்ன டிரைவ் போதுமே?" டாக்குமென்ட், டேட்டாபேஸ் நல்லா சுருங்கும். ஜேபெக் போட்டோ, வீடியோ ஏற்கனவே சுருக்கியவை, பெரிசா குறையாது. டிரைவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

6/ 2015 டிசம்பர் வெள்ளம் மறந்துடுச்சா? சர்வரும் டிரைவும் ஒரே அலமாரியில் இருந்தால் சேர்ந்தே முழுகும். ஒரு காப்பி தேனாம்பேட்டையில, இன்னொண்ணு என்கிரிப்ட் செய்து தென்காசி அண்ணன் வீட்டுல.

7/ மாசம் ஒருமுறை நாலு ஃபைலைத் திருப்பி எடுத்துத் திறந்து பாருங்க. திறந்து பார்க்காத பேக்கப், எக்ஸ்பைரி பார்க்காத எமர்ஜென்சி டிரே. ரெண்டும் தேவைப்படும்போதுதான் கழுத்தறுக்கும்.