ஒழுகும் கூரையும் 30 சதவீதமும்

நாமக்கல்லில் அப்பா கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நான் சேலத்தில் இருக்கிறேன். போன வருஷம் சித்திரையில் சூறைக்காற்றோடு அடித்த மழையில் மாடி போர்ஷனின் சிமென்ட் ஷீட்டுகள் பறந்து பக்கத்துத் தோட்டத்தில் விழுந்தன. "ராத்திரி பூரா பாயைச் சுருட்டிக்கிட்டு உக்கார்ந்திருந்தோமுங்க" என்றார் குடியிருக்கும் அம்மா.

சரி செய்ய 1,40,000 ரூபாய் ஆனது. இன்ஷூரன்ஸில் வந்தது 62,000. செலவை வாடகையில் கழிக்கலாமா என்று ஆடிட்டரிடம் கேட்டேன். "அதெல்லாம் 30 சதவீதத்துலயே அடக்கம் சார்" என்றார்.

வாடகையில் நாம் கட்டிய வீட்டு வரி போக, மீதியில் 30 சதவீதம் கழிவு. கூரையை மாற்றிய எனக்கும் அதே 30தான். எங்கள் தெருவில் மூன்று வருஷமாகத் தார்ப்பாய் கட்டியே வாடகை வாங்குகிறவருக்கும் அதே 30தான். 2001 பட்ஜெட்டுக்கு முன்பு ரிப்பேருக்கு ஒரு பங்கு, இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்குத் தனிக் கழிவு என்று இருந்தது. கொத்தனார் பில் தராத நம் ஊரில் ஒரே கழிவு வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒழுகுகிற வீட்டை ஒழுக விடுகிறவருக்கல்லவா அதில் லாபம்?

விற்கும்போதாவது இந்தச் செலவு வீட்டின் அடக்க விலையில் சேருமா? "ஷீட்டுக்கு ஷீட் போட்டா ரிப்பேர் சார், சேராது. புது ரூம் கட்டியிருந்தா சேரும்."

இன்ஷூரன்ஸ் பணம் இன்னும் வேடிக்கை. வானியா சில்க் மில்ஸ் என்ற கம்பெனி வாடகைக்கு விட்டிருந்த இயந்திரங்கள் 1966இல் தீயில் போயின. எரிந்து போனதை விற்றதாகக் கொள்ள முடியாது, ஆகவே வந்த இழப்பீட்டுக்கு மூலதன ஆதாய வரி இல்லை என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1999இல் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். வெள்ளம், புயல், நிலநடுக்கம், கலவரம், தீ விபத்து போன்றவற்றால் சொத்து சேதமானால், பணம் வந்த வருஷத்திலேயே அது ஆதாயக் கணக்கில் வரும். சேதமான பகுதியின் அசல் விலையைக் கழித்துக்கொள்ளலாமாம். அப்பா கட்டிய வீட்டில் மாடி ஷீட்டுக்கு மட்டும் அசல் விலை என்னவென்று நான் எங்கே போய்த் தேடுவது? மொத்த வீட்டுக்கே ரசீது கிடையாது.

வந்த பணம் முழுவதும் அதே கூரைக்குப் போயிருந்தால் அதை ஆதாயம் என்று எழுதச் சொல்வது நியாயமில்லை. அந்தத் தொகையை விட்டுவிட வேண்டும். 1.4.2026 முதல் வந்த புதுச் சட்டத்திலும் அந்த 30 அப்படியே இருக்கிறது.

வருகிற தையில் மாடிக்குக் கான்கிரீட் தளம் போடப்போகிறேன். கம்பி, சிமென்ட் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி பில், மேஸ்திரிக்குச் செக். பிஸ்கட் டப்பா ஒன்றை இப்போதே காலி செய்து வைத்துவிட்டேன்.