பாலத்து முனை விடுதிகள்

கல்லூரியில் ஆங்கிலம் படித்த நேயர்களுக்கு ஹாரி பெய்லி என்னும் விடுதிக்காரரை நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காண்டர்பரிக்கு யாத்திரை புறப்பட்டவர்களை வழி நெடுகக் கதை சொல்லச் செய்து, சிறந்த கதைக்கு மற்றவர்கள் செலவில் விருந்து என்று பந்தயம் வைத்தவர் அவர். வெறும் கற்பனை மனிதர் என்று எண்ணிவிட வேண்டாம். கவி சாஸரின் காலத்தில் அதே பெயருடைய விடுதிக்காரர் ஒருவர் மெய்யாகவே இருந்தார். 1370-களில் பார்லிமெண்டு அங்கத்தினராகவும் விளங்கினார். சோறு போட்டவரை ஊரார் மறக்கவில்லை போலும்!

கதையில் வரும் டாபர்டு விடுதி இருந்த இடம் லண்டன் பாலத்தின் தென்முனை. அந்தப் பேட்டையின் பெயரை ஸவுத்வர்க் என்று எழுதி, 'ஸதக்' என்று உச்சரிக்கிறார்கள். அது அவர்கள் பாடு. 1750-ல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கும் வரையில், நகரின் நடுவே தேம்ஸ் நதியைக் கடப்பதற்கு அந்த ஒரு பாலமே கதி. இரவில் அதன் கதவை அடைத்துவிடுவார்கள். நேரம் கழித்து வந்த பிரயாணி தென்கரையிலேயே படுத்துக் கிடக்க வேண்டியதுதான். தெரு நெடுக விடுதிகள் முளைத்ததற்குக் கேட்பானேன்? குதிரை லாயம், வண்டிகள் திரும்ப விசாலமான முற்றம், முற்றத்தை நோக்கிய மாடியில் நீண்ட மரத் தாழ்வாரம் - இதுதான் அவற்றின் அமைப்பு.

1676-ம் வருஷத்துத் தீ விபத்தில் டாபர்டும் அதன் அண்டையிலிருந்த ஜார்ஜ் விடுதியும் எரிந்தன. இரண்டையும் திரும்பக் கட்டினார்கள். நெருப்புக்குத் தப்பிப் பிழைத்த தொழிலை ரயில்தான் வீழ்த்தியது. 1836-ல் பாலத்தருகே ரயில் நிலையம் வந்தது. கோச்சு வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. உலகப் புகழ் பெற்ற டாபர்டை 1870-களில் இடித்தே போட்டுவிட்டார்கள். ஆங்கிலக் கவிதையின் வாசற்படியை இடிக்க அவர்களுக்கு எப்படித்தான் மனம் வந்ததோ, நமக்கு விளங்கவில்லை.

ஜார்ஜ் விடுதியோ கிரேட் நார்தர்ன் ரயில்வே கம்பெனியின் கைக்குப் போயிற்று. 1889-ல் கம்பெனியார் முற்றத்தின் இரண்டு பக்கக் கட்டிடங்களைத் தகர்த்தார்கள். தென்புறம் மட்டும் தப்பியது. எஞ்சிய அந்தத் துண்டிலும் அடுப்பு அணையாமல் விடுதியை நடத்தியவர்கள் மர்ரே குடும்பத்துப் பெண்மணிகள். தாய்க்குப் பின் மகள் ஆக்னெஸ் 1934 வரை அங்கே எஜமானியாக இருந்தார். கட்டிடம் கம்பெனியுடையது, வந்தவர்களை உபசரித்தவர் அவர்.

1937-ல், இடித்த கம்பெனியின் வாரிசான ரயில்வே கம்பெனியே ஜார்ஜை நாஷனல் டிரஸ்டுக்குத் தானமாகக் கொடுத்தது. மாடித் தாழ்வாரத்தோடு லண்டனில் மிஞ்சியிருக்கும் பழைய விடுதி இது ஒன்றே. இன்றும் அங்கே சாப்பாடு கிடைக்கிறது.