ஃபூஜியில் நரேன் வென்றதையும் பேசுவோம்

நரேன் கார்த்திகேயன் என்றால் நமக்கு 2005 ஞாபகம் வருகிறது. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். ஜோர்டான் அணிக்காக இண்டியானாபோலிஸில் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் எடுத்தவர். அன்று டயர் பிரச்சினையால் 14 கார்கள் விலகிக்கொள்ள, 6 கார்கள் மட்டுமே ஓடின. அவர் சாதனையை அது குறைக்காது. ஆனால், அவர் உண்மையிலேயே முதலாவதாக வந்த ஒரு நாளை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

2019 நவம்பர் 24, ஜப்பானின் ஃபூஜி பந்தயத் தளம். ஜப்பானின் சூப்பர் ஜிடி தொடரின் கார்களும் ஜெர்மனியின் டிடிஎம் தொடரின் டூரிங் கார்களும் சேர்ந்து மோதிய போட்டி. இருபதுக்கும் மேற்பட்ட கார்களின் நடுவே ஹோண்டா என்எஸ்எக்ஸ் ஓட்டி இரண்டாம் பந்தயத்தை வென்றவர் நம் கோயம்புத்தூர்க்காரர். வயது 42. ஒற்றை இருக்கைக் கார்களை விட்டு அந்த ஆண்டுதான் கதவு வைத்த காருக்கு மாறியிருந்தார். ஓட்டுநரின் தொழில் ஃபார்முலா ஒன்னோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

நான் அந்தமானில் குட்வில் எஸ்டேட்டில் இருப்பவன். அந்தமான் ட்ரங்க் ரோட்டில் வண்டி ஓட்டிப் பிழைக்கிறேன். ஜிர்காட்டாங் செக்போஸ்ட்டில் கான்வாய்க்குக் காத்திருந்து, ஜாரவா பழங்குடி மக்களின் காட்டை 40 கிலோமீட்டர் வேகத்துக்குள், யாரையும் முந்தாமல் கடக்கிறோம். அந்தக் கட்டுப்பாடு நியாயமானது. வேகத்துக்கு இடம் பந்தயத் தளம்தான். ஆனால் பிரேக் சூடேறுவதையும், டயர் தேய்வதையும், பாரம் ஏறினால் வளைவில் வண்டி வெளியே இழுப்பதையும் அறிந்தவர்கள் நாங்கள். டூரிங் கார் ஓட்டுநரின் கவலைகளும் இவைதான். சூப்பர் ஜிடியில் நன்றாக ஓடும் காருக்கு அடுத்தடுத்த பந்தயங்களில் கூடுதல் எடை ஏற்றுவார்கள். அந்தப் பாரத்தோடும் முன்னால் வருபவனே சாம்பியன். அது வேகத்தோடு பொறுமையும் கேட்கிற வேலை.

உச்சம் ஃபார்முலா ஒன்தானே என்பார்கள். உச்சம்தான். ஆனால் உலகம் முழுவதற்கும் அங்கே இருப்பவை இருபத்துச் சொச்சம் இருக்கைகள். நம் நாட்டிலிருந்து அங்கே பந்தயம் ஓட்டியவர்கள் நரேனும் கருண் சந்தோக்கும் மட்டுமே. அந்த ஒரு கதவையே காட்டி வளர்த்தால் மற்ற பிள்ளைகள் எங்கே போவார்கள்? பெங்களூரு அர்ஜுன் மைனி 2021இல் டிடிஎம்முக்குப் போய், அங்கே தன் தொழிலைக் கட்டிக்கொண்டாரே!

இந்த மாதிரிப் பந்தயம் நம்மிடமும் உண்டு. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் எஸ்டீம், ஹோண்டா சிட்டி, போலோ எல்லாம் ஓடியிருக்கின்றன. நம் மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிற வண்டிகள். அங்கேதான் 2023 ஜனவரியில், சலூன் கார் பந்தயத்தில் மூத்த ஓட்டுநர் கே.இ. குமார் 59 வயதில் உயிரிழந்தார். புகழுக்காக அந்த வயதில் யாரும் தலைக்கவசம் மாட்டுவதில்லை. அப்படிப்பட்டவர்களின் பெயரை விபத்துச் செய்தியில் மட்டும் அச்சிடுவது நமக்கு அழகல்ல.

2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடத்த முடிந்த தமிழக அரசால் இதுவும் முடியும்: சலூன் கார் பிரிவில் ஆண்டுதோறும் சில இருக்கைகளைத் தேர்வு வைத்து இலவசமாகக் கொடுக்கட்டும். மெக்கானிக் பிள்ளைகளும் டாக்ஸி ஓட்டுநர் பிள்ளைகளும் வரட்டும். எங்கள் அந்தமான் தீவுகளில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளையும் அழைக்கட்டும். சென்னையின் டயர் நிறுவனங்கள் டயரையும் பயிற்சியையும் ஏற்றுக்கொள்ளட்டும். பத்திரிகைகள் அந்தப் பந்தய முடிவுகளை வாராவாரம் வெளியிடட்டும். காசுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே திறந்திருக்கும் வரை, இந்த விளையாட்டில் நம் உண்மையான திறமை எவ்வளவு என்பது நமக்கே தெரியாது.